கவுட் மூட்டுநோயைத் தடுக்கக் கைபேசிவழிப் பாடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம் மாவட்டக் கடலோரக் கிராமங்கள் சிலவற்றில் சுய உதவிக் குழுப் பெண்களும் சுகாதாரத் தன்னார்வலர்களும் சேர்ந்து, கவுட் பற்றிய குறுங்காணொளிகளையும் ஒலிப்பதிவுகளையும் தயாரித்து வருகிறோம். இதே வேலையைத் தங்கள் ஊரில் தொடங்க விரும்புகிறவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். எங்கள் பாடம் ஒவ்வொன்றையும் ஒரு மருத்துவர் பார்த்துத் திருத்திய பிறகே வெளியிடுகிறோம். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கவுட் என்பது எந்த நோய்? எதனால் வருகிறது?

உடலின் செல்கள் புதுப்பிக்கப்படும்போதும் சில உணவுகள் செரிக்கும்போதும் பியூரின் என்னும் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் அதை மேலும் உடைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. மனிதருக்கு அது இல்லை. ஆகவே உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றியாக வேண்டும். வெளியேறுவது குறைந்து, இரத்தத்தில் அதன் அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தால், அது ஊசிமுனை போன்ற நுண்படிகங்களாக மூட்டுகளில் படியத் தொடங்கலாம். அந்தப் படிகங்களோடு உடலின் தற்காப்பு அணுக்கள் மோதும்போது எழும் அழற்சியே கவுட். பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கால் பெருவிரலின் அடிமூட்டில் தொடங்கி, போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியாத வலியாக ஒரே நாளில் உச்சத்தைத் தொடும்.

'கீல்வாதம்' என்ற பெயரையே பாடத்தில் பயன்படுத்தலாமா?

அந்த ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். கவுட்டுக்குக் கீல்வாதம் என்று எழுதுவது வழக்கம்தான். ஆனால் ஊர்வழக்கில் முழங்கால் தேய்மானத்தையும் கீல்வாதம் என்பார்கள், முடக்குவாதத்தையும் கீல்வாதம் என்பார்கள். எங்கள் முதல் காணொளியைப் பார்த்த மூதாட்டி ஒருவர், பல ஆண்டுகளாக இருக்கும் தம் முழங்கால் தேய்மானத்துக்கு இதுதான் காரணம் என்று எண்ணி மீனையே நிறுத்திவிட்டார். அவருக்குக் கவுட் இல்லை. இரண்டு வாரம் தேவையில்லாமல் ரசம் சோறு மட்டும் சாப்பிட்டிருக்கிறார் என்று அவர் மகள் சொன்னபோதுதான் பெயரில் இருந்த குழப்பம் எங்களுக்குப் புரிந்தது. அதன்பிறகு, மருந்துக்கடையிலும் இரத்தப் பரிசோதனை நிலையத்திலும் மக்கள் காதில் விழும் பெயராகிய 'யூரிக் ஆசிட் மூட்டுவலி' என்பதைக் கவுட் என்ற பெயரோடு சேர்த்து முதல் 10 விநாடிக்குள் சொல்லிவிடுகிறோம். அடுத்த வாக்கியத்திலேயே, எல்லா மூட்டுவலியும் இது ஆகாது என்றும் சொல்கிறோம்.

கவுட் தடுக்கக்கூடிய நோய்தானா? பரம்பரையாக வருவதை எப்படித் தடுப்பது?

யாருக்கு வரும் என்பதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. யூரிக் அமிலத்தைச் சிறுநீரகமும் குடலும் எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் சிலருக்குப் பிறப்பிலேயே மந்தமாக அமைந்துவிடுகின்றன. நியூசிலாந்தின் மாவோரி மக்களிடமும் பசிபிக் தீவு மக்களிடமும் இந்நோய் மிகுதியாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். இதைப் பாடத்தில் சொல்வது மிக அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில் கவுட் வந்தவரைப் பார்த்து 'குடித்ததால் வந்தது', 'கறி தின்றதால் வந்தது' என்று வீட்டாரே பேசுவதால், பலர் வலியை மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமலே இருந்துவிடுகிறார்கள்.

தடுப்பு என்பதை இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள். நோயே வராதவருக்கு உடல் எடை, மது, இனிப்புப் பானம் ஆகியவற்றில் கவனம் வைத்தால் வரும் வாய்ப்பு குறையும். உறுதி கூற முடியாது. ஒருமுறை வந்தவருக்கோ, அடுத்த தாக்குதலையும் மூட்டுச் சிதைவையும் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கும் வழி மருத்துவத்தில் இருக்கிறது. எங்கள் பாடங்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையினருக்காகவே எழுதப்பட்டது.

மருத்துவர் சொல்ல வேண்டியதைக் கைபேசியில் ஏன் சொல்ல வேண்டும்?

புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். வலியால் துடிப்பவர் அந்த நிமிடங்களில் கேட்பதில் பாதிகூட மனத்தில் நிற்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவருடைய வாட்ஸ்அப்பில் 'யூரிக் ஆசிட் மூன்றே நாளில் காணாமல் போகும்' என்று யாரோ அனுப்பிய செய்தி காத்திருக்கும். தவறான பாடம் கைபேசி வழியாகத்தான் வருகிறது என்னும்போது சரியான பாடமும் அதே வழியில் வந்தாக வேண்டும்.

நோயை விளக்கிச் சொல்வதன் பயன் அளந்து பார்க்கப்பட்டதுதான். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் 517 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கவனித்தார்கள். நோயின் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார்கள், நோயாளியின் ஐயங்களைக் கேட்டார்கள், மருந்தின் அளவைப் படிப்படியாக உயர்த்தினார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகளின் முடிவில், யூரிக் அமிலம் 6 மில்லிகிராம் என்ற இலக்குக்குக் கீழே இறங்கியவர்கள் முதல் பிரிவில் 95 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 30 விழுக்காடு. அங்கே நேரில் இருந்து பேசியவர் ஒரு செவிலியர் என்பதை மறந்துவிடக் கூடாது. காணொளியை அனுப்பிவிட்டு விலகிக்கொள்பவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. ஆகவே எங்கள் ஊர்களில் தன்னார்வலர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, பாடத்தை ஓட்டி, இடையில் நிறுத்திப் பேசுகிறார்.

மூட்டில் படிகம் உருவாவதைப் படிக்காதவர்களுக்கும் புரியும்படி எப்படிக் காட்டுவது?

இந்தக் கேள்விக்கு விடை காண எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. முதலில் கற்கண்டு காய்ச்சுவதைப் படமெடுத்தோம். கெட்டியான சர்க்கரைப் பாகு ஆற ஆற, தொங்கவிட்ட நூலில் கற்கண்டு படிவதுபோல யூரிக் அமிலமும் மூட்டில் படிகிறது என்று விளக்கினோம். அறிவியல்படி அது சரியான உவமை. ஆனால் படம் முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அக்கா ஒருவர், "அப்ப இது சுகர்தானே தம்பி? எனக்குத்தான் ஏற்கெனவே இருக்கே" என்று கேட்டார். அருகில் இருந்த நால்வரும் அப்படியே புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

பிறகு வேதாரண்யம் பக்கத்து உப்பளத்துக்குப் போனோம். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட, ஒரு நிலைக்கு மேல் உப்பு கரைந்திருக்க முடியாமல் பூத்து அடியில் படிவதை அருகிலிருந்து எடுத்தோம். வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் ஒரு சிட்டிகை உப்பை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். வெயிலில் அதன் முனைகள் கண்ணாடிச் சில்லுகளாக மின்னின. இந்தச் சில்லு மூட்டுக்குள் இருந்தால் எப்படியிருக்கும் என்ற ஒரு வரி மட்டும் பின்னணியில் ஒலிக்கிறது. அதற்கடுத்த காட்சி மழை. பருவம் தவறிய மழையில் பாத்தி உப்பு கரைந்துபோவது எங்கள் பகுதியில் எல்லோரும் கண்ட துயரம்; இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைந்தால் மூட்டில் படிந்ததும் அவ்வாறே மெல்லக் கரைந்துவிடும் என்பதை அந்தக் காட்சியைக் கொண்டு சொன்னபோது ஒருவருக்கும் மறுவிளக்கம் தேவைப்படவில்லை. கரைவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சாப்பாட்டு உப்புதான் மூட்டில் படிகிறது என்று யாரும் எண்ணிவிடாதபடி அதை மறுத்து ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். கால் பெருவிரலில் முதலில் வருவது ஏன் என்ற கேள்விக்கு உப்பளத்தில் விடை இல்லை. உடலின் நடுப்பகுதியைவிடக் கால்நுனி குளிர்ச்சியாக இருப்பதும், குளிர்ச்சியில் யூரிக் அமிலம் எளிதாகப் படிகமாவதும் காரணங்களில் ஒன்று என்பதைத் தனியே சொல்ல வேண்டும். உப்பளம் இல்லாத ஊரில் இருப்பவர்கள் அந்த ஊர் மக்களின் கை பழகிய ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

நோயின் படங்களை இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாமா?

உரிமை பற்றிய கேள்வி ஒருபுறம் இருக்க, அந்தப் படங்கள் நம் மக்களுக்கு உதவுவதில்லை. இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் வெளுத்த தோலில் செக்கச் சிவந்த விரல்கள். நம் தோலில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. விரல் வீங்கி, தோல் இழுபட்டுப் பளபளத்து, சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ ஊதா கலந்தோ தெரியும், தொட்டால் சுடும். சிவந்த விரலை மட்டும் பார்த்தவர், வலியோடு கறுத்து வீங்கிய தம் விரலைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார். எங்கள் ஓவியப் பயிற்சி மாணவி ஒருவர் மருத்துவர் அருகிருக்க வரைந்த படத்தையே இப்போது பயன்படுத்துகிறோம். நோயாளியின் காலைப் படமெடுக்க வேண்டியிருந்தால் முகம், வீட்டுச் சுவர், பச்சை குத்திய பெயர் எதுவும் தெரியாமலும், எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகும் மட்டுமே எடுக்க வேண்டும்.

சாப்பிடக் கூடாத உணவுகளின் பட்டியலைப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. தடைப்பட்டியல் மட்டுமே கொண்ட பாடம் தீங்கும் செய்கிறது. உடலில் உருவாகும் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதி உடலின் சொந்தப் பியூரினிலிருந்து வருவது. கடும் பத்தியம் இருந்தாலும் இரத்தத்தில் அதன் அளவு பொதுவாகச் சுமார் 1 மில்லிகிராம் மட்டுமே இறங்கும். 9 இருப்பவர் பத்தியத்தால் 8-க்கு வந்து, வலி திரும்பி, 'நான் ஏதோ தப்பாகச் சாப்பிட்டுவிட்டேன்' என்று தம்மையே நொந்துகொள்வதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம்.

ஆனாலும் உணவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். எதை முதலில் சொல்வது என்பதில்தான் கவனம் தேவை. நாங்கள் முதலில் சொல்வது மதுவையும் இனிப்புப் பானத்தையும். மதுவில் பீர் கூடுதல் தீங்கு செய்வது, ஏனெனில் சாராயச் சத்தோடு பியூரினும் அதில் இருக்கிறது; மற்ற மது வகைகளும் கள்ளும் விலக்கல்ல. குளிர்பானச் சர்க்கரையில் உள்ள ஃபிரக்டோஸ் கல்லீரலில் உடையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அமெரிக்காவில் 46,393 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மாதம் ஒன்றுக்கும் குறைவாகச் சர்க்கரைக் குளிர்பானம் குடித்தவர்களைவிட, நாளுக்கு இரண்டோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு 85 விழுக்காடு அதிகமாக இருந்தது. கறியை நிறுத்திவிட்டு வெயிலுக்குக் குளிர்பானம் குடிக்கும் இளைஞர்களுக்கு இது புதுச் செய்தி.

அடுத்தது ஆட்டுக்கால் சூப். கால் வீங்கிப் படுத்திருப்பவருக்கு ஆட்டுக்கால் சூப்போ நண்டு ரசமோ வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் அக்கறையின் அடையாளம். இறைச்சியைக் கொதிக்க வைக்கும்போது பியூரினில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடுகிறது. சூப்பில் நாம் குடிப்பது அந்த நீரைத்தான். வைத்துக் கொடுத்த மனைவியோ தாயோ குற்ற உணர்வு கொள்ளாதபடி இதைச் சொல்ல வேண்டும் என்பதால், எங்கள் காணொளியில் சமைப்பவரே "எனக்குத் தெரியாமப் போச்சு, இனிமே மோர் தர்றேன்" என்று சொல்வதாக அமைத்தோம். கொழுப்பு நீக்கிய பாலும் மோரும் கவுட் வாய்ப்பைக் குறைப்பதோடு தொடர்புடையவை என்பதால் அந்த மாற்று பொருத்தமாகவும் இருந்தது.

ஈரல், சுவரொட்டி, மூளை போன்ற உள்ளுறுப்புகளையும், மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவற்றையும் அவற்றின் கருவாட்டையும் வலி இருக்கும் நாட்களில் தவிர்க்கவும், மற்ற நாட்களில் அளவைக் குறைக்கவும் சொல்கிறோம். மீனவக் குடும்பத்திடம் மீனையே விடச் சொல்லும் பாடத்தை அவர்கள் இரண்டாம் முறை திறப்பதில்லை. வேறு மலிவான புரதம் இல்லாத வீட்டில் அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது.

பருப்பு, கீரை, காளான், பட்டாணி ஆகியவற்றை நிறுத்த வேண்டுமா?

வேண்டியதில்லை. இவற்றில் பியூரின் இருப்பது உண்மை; ஆனால் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்குக் கவுட் வாய்ப்பு கூடியிருந்ததே தவிர, பியூரின் மிகுந்த காய்கறிகளை உண்டவர்களுக்குக் கூடவில்லை. சாம்பாரையும் கீரையையும் நிறுத்திவிட்டு வெறும் சோற்றின் அளவைக் கூட்டினால் சர்க்கரை நோய்தான் கட்டுமீறும்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கச் சொல்வது?

உடலில் நீர் வற்றுவது தாக்குதலைத் தூண்டும், சிறுநீரகக் கல்லுக்கும் வழிசெய்யும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடிக்கச் சொன்னால் லிட்டர் கணக்கு தேவைப்படாது. உப்பளத்திலும் வயலிலும் வேலை செய்பவர்களுக்கு இது தனியே சொல்லப்பட வேண்டும். ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், அதைக் காணொளி சரிசெய்யாது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும் என்ற வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

வேறு நோய்க்கு எடுக்கும் மாத்திரைகள் யூரிக் அமிலத்தைக் கூட்டுமா?

சில கூட்டும். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும் நீர் மாத்திரைகள், இதயத்துக்குத் தரப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கான பைரசினமைடு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் தன்னார்வலர்கள் இதை அறிந்திருப்பது பயன் தரும். பெருவிரல் வலி என்று ஒருவர் சொன்னால் மருத்துவரிடம் அனுப்ப அவர்களால் முடியும்.

இந்தச் செய்தியைப் பொதுக் காணொளியில் நாங்கள் வைக்கவில்லை. தன்னார்வலர்களுக்கான தனிப் படத்தொகுப்பில் மட்டும் வைத்திருக்கிறோம். ஏனெனில் 'பிரஷர் மாத்திரையால் மூட்டுவலி' என்று பாதிக் காணொளியைப் பார்த்துவிட்டு ஒருவர் மாத்திரையை நிறுத்தினால், பக்கவாதத்தில் போய் முடியலாம். காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. மாற்றுவதா, தொடர்வதா என்பது மருத்துவரின் முடிவு.

பரிசோதனைச் சீட்டில் 'நார்மல்' என்று இருந்தும் வலி வருவது ஏன்?

இரண்டு காரணங்கள் உண்டு. ஆய்வகச் சீட்டில் ஆண்களுக்குரிய மேல்வரம்பு பல இடங்களில் 7 அல்லது 7.2 என்று அச்சிடப்பட்டிருக்கும். கவுட் வந்தவருக்கோ இலக்கு 6-க்குக் கீழ். தோலடியில் படிகக் கட்டிகள் வந்தவருக்கு 5-க்குக் கீழ். 6.9 இருப்பவரின் சீட்டில் 'நார்மல்' என்றே இருக்கும், மூட்டில் படிகம் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவதாக, வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுத்த இரத்தத்தில் அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டக்கூடும். வலி தணிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு மீண்டும் பார்க்க வேண்டும்.

எங்கள் பாடங்களில் அதிகம் பகிரப்பட்டது இதுதான். ஒரு கைவிரல் சீட்டின் மேல் மெல்ல நகர்ந்து, யூரிக் அமிலம் என்ற ஆங்கில வரியில் நின்று, பக்கத்து எண்ணைச் சுற்றி வட்டமிடுகிறது. பிறகு திரை முழுவதும் '6' என்ற எண் மட்டும். படிக்கத் தெரியாதவர்களும் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஆறுக்குக் கீழ வந்துடுச்சா டாக்டர்?" என்று கேட்கிறார்கள்.

அப்படியானால் ஊரில் எல்லோருக்கும் யூரிக் அமில முகாம் நடத்தலாமா?

வேண்டாம். அளவு கூடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கவுட் வருவதே இல்லை. வலியே வராதவருக்கு எண்ணை மட்டும் பார்த்து மருந்து கொடுப்பதைப் பொதுவாக மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. முகாமில் எண்ணைக் கேட்டுப் பயந்தவர்கள் அடுத்துப் போவது நாட்டு மருந்து விளம்பரத்துக்குத்தான்.

மருந்துகளைப் பற்றிப் பொதுப் பாடத்தில் எந்த அளவுக்குப் பேசலாம்?

மருந்தின் அளவைச் சொல்லக் கூடாது. மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வலியை அடக்கும் மருந்து வேறு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்து வேறு என்பது பலருக்குத் தெரியாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அன்றைய அழற்சியைத் தணிக்கும். படிகம் அப்படியே இருக்கும். அடிக்கடி எடுத்தால் சிறுநீரகமும் வயிறும் கெடும். அலோபியூரினால் போன்ற மருந்து யூரிக் அமிலம் உருவாவதையே குறைப்பது. மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து உயர்த்துவார்.

இதில் ஒரு கண்டம் இருக்கிறது. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில், படிந்த படிகங்கள் கரைந்து கலையும்போது வலி திரும்ப வரலாம். 'இந்த மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது' என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். மழையில் உப்புப் பாத்தி கலங்கும் காட்சியை நாங்கள் இந்த இடத்தில் மறுபடியும் காட்டுகிறோம். இந்தக் காலத்தைக் கடக்க மூன்று முதல் ஆறு மாதம் வரை, அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துத் தருவது வழக்கம் என்பதால், வலி வந்தால் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள் என்பதே செய்தி. அதோடு ஒன்று: அலோபியூரினால் எடுப்பவருக்குத் தோலில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாக வருவது, வந்தால் உயிருக்கே ஆபத்து.

நாட்டு மருந்து, மூலிகை என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை எப்படிக் கையாள்வது?

கேலி செய்யாமல், ஏன் அவை பலித்ததுபோலத் தோன்றுகின்றன என்பதை விளக்குங்கள். கவுட் வலி எந்த மருந்தும் இல்லாமலே ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும் இயல்புடையது. அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்றே தோன்றும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் அதை விதைக்காகவே வயலில் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். விதை மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. 'மாத்திரையில் இருப்பதுதானே கிழங்கிலும் இருக்கிறது' என்று யாரேனும் சொல்லக்கூடும். மாத்திரையில் அரை மில்லிகிராம் என்ற கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள்; கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அது உயிர் குடித்த நிகழ்வுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பதிவாகியுள்ளன. வீட்டில் யாரும் தொடக் கூடாது.

பெண்களுக்கு இந்த நோய் வருமா?

மாதவிலக்கு நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மை ஹார்மோன் யூரிக் அமிலத்தை வெளியேற்ற உதவுவதால் அரிது. அதற்குப் பிறகு வாய்ப்பு கூடுகிறது. நீர் மாத்திரை எடுக்கும் 60 வயதுப் பெண்ணுக்குக் கைவிரல் மூட்டில் வரும் வலியைத் தேய்மானம் என்று கடந்துவிடுவது எளிது. ஆகவே எங்கள் கதைகளில் ஒன்றிலாவது நோயாளி ஒரு பாட்டியாக இருக்கிறார்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களையும் கண் மங்கியவர்களையும் எப்படிச் சென்றடைவது?

ஒலிப்பதிவுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. பொத்தான் கைபேசியில் மெமரி கார்டைப் போட்டுப் பாட்டு கேட்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே கார்டில் எட்டுப் பாடங்களை ஏற்றிக் கொடுக்கிறோம். ஒவ்வொன்றும் 90 விநாடிக்குள் முடியும், ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்லும். செய்தி வாசிப்பவரின் குரலை விட்டுவிட்டு ஊர்ப் பெண் ஒருவர், "ஆயா, ராத்திரி திடீர்னு கால் விரல் வீங்கிச்சா?" என்று தொடங்கும் பதிவுக்கு மாறியபோது கேட்பவர்கள் கூடினார்கள். காணொளியில் எழுத்தைப் பெரிதாக, ஒரு திரைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் போகாமல் வையுங்கள். கோப்பைச் சிறிதாக்கி, டேட்டா இல்லாமலே ப்ளூடூத்தில் கைமாற்றும்படி செய்யுங்கள்.

பார்த்தவர்களுக்குப் புரிந்ததா என்பதை எப்படி அறிவது?

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையிலிருந்து ஒன்றும் தெரியாது. பாடம் முடிந்ததும், "வீட்டில் அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர் தம் வார்த்தையில் சொல்வதைக் கேளுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வெளியிடும் முன் ஐந்தாறு பேரிடமாவது இப்படிச் சோதித்துப் பாருங்கள். கற்கண்டுப் பாடத்தின் தவறும், பார்த்த அக்கா தம் வார்த்தையில் சொன்னபோதுதான் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்து அதே ஆட்களிடம் இலக்கு எண் என்ன, மருந்தைத் தொடர்கிறார்களா என்று கேட்பது அடுத்த படி. பதிலைப் பெயரோடு குழுவில் பகிரக் கூடாது.

பழைய காணொளிகள் சுற்றிக்கொண்டே இருக்குமே, என்ன செய்வது?

ஒவ்வொரு திரையின் மூலையிலும் வெளியிட்ட மாதத்தையும் ஆண்டையும் பதியுங்கள். தவறு கண்டால் 'முன்பு அனுப்பியதில் இது தவறு' என்று அதே குழுவில் அதே குரலில் ஒரு பதிவு அனுப்புங்கள். கற்கண்டுப் பாடத்துக்கு நாங்கள் அனுப்பிய திருத்தம் பாடத்தைவிட அதிகமாகப் பகிரப்பட்டது.

எல்லாப் பாடங்களின் இறுதியிலும் கட்டாயம் இருக்க வேண்டியது என்ன?

மூட்டு சூடாக வீங்கி, அதோடு காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்த கிருமித்தொற்றாக இருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் மூட்டு பாழாகலாம். முதல்முறை வந்த வீக்கத்தைக் கைபேசிப் படத்தைப் பார்த்துக் கவுட் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் கடைசித் திரையில் படமும் இசையும் இல்லை. 'காய்ச்சலோடு மூட்டு வீக்கம் என்றால் உடனே மருத்துவமனை' என்ற வரியும், ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108 என்ற இரண்டு எண்களும் பத்து விநாடி நிற்கின்றன. அவற்றை ஒரு குரல் இரண்டு முறை வாசிக்கிறது.